கடல் பக்கம் வடக்கு

என் வயதுக்காரிகளுக்கு ஒரு கேள்வி. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் யாராவது கிழக்கு, மேற்கு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அவை பள்ளிக்கூடக் கொப்பியில் மட்டும் இருந்தன. வீட்டில் இருந்தது கடல் பக்கமும் வயல் பக்கமும்தான். "அந்தக் குடத்தைக் கொஞ்சம் கடல் பக்கமா தள்ளி வை" என்றுதான் உம்மா சொல்வாள். மற்ற இரண்டு பக்கங்களுக்கும் பஸ் போகிற ஊர்களின் பெயர்: மட்டக்களப்புப் பக்கம், அக்கரைப்பற்றுப் பக்கம். வயல் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பெயர் இருந்தது, கிப்லா. தொழப் பழகிய நாளிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி, மக்கா இருக்கிற திசையென்று வயலைப் பார்த்து நின்றவர்கள் நாங்கள்.

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். கலியாண வீடுகளில் சாப்பிட்டு முடிந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்ததும் எனக்கு மூத்தவள், ராத்தா, அதைத் தொடங்குவாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கிறவளின் கழுத்துக்குக் கீழே வியர்த்துக் கொட்டுவதை ஒருவரும் கண்டதில்லை. இன்றைக்கு அந்தக் கதையை நானே சொல்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அந்த வருடம்தான் பூமிசாஸ்திரம் படிப்பிக்கத் திருக்கோவிலிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார், எங்களுக்கு அவர் சேர். தினமும் பஸ்ஸில் வருவார். கையில் சாப்பாட்டுப் பார்சல், கக்கத்தில் சுருட்டிய தேசப்படம், சேட்டுப் பையில் மூடி போட்ட பித்தளைத் திசைகாட்டி. அந்த மூடியைத் திறந்தால் நீல ஊசி ஒன்று நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நிற்கும். எவ்வளவு திருப்பினாலும் திரும்ப அங்கேயே வந்து நிற்கும். அதைப் பார்க்க எனக்குச் சற்றுப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

சமவுயரக் கோடு என்றால் என்ன என்று அவர் எங்களுக்குக் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஊரில் மேடு ஏது, பள்ளம் ஏது? பள்ளிவாசல் படிதான் எங்களுக்கு மலை. அதனால் அவர் ஒரு பேசினுக்குள் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். விரற்கடை விரற்கடையாகத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட இடத்திலெல்லாம் சோக்கால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, மேலே இருந்து பார்க்கச் சொன்னார். வட்டத்துக்குள் வட்டமாகச் சிரட்டை படமாகிக் கிடந்தது. அன்றிலிருந்து வீட்டில் சிரட்டை அகப்பையைக் கண்டாலும் எனக்கு மேலே இருந்து எட்டிப் பார்க்கத் தோன்றும்.

அளவுத்திட்டம் படிப்பித்த அன்று வகுப்பறையை அடியால் அளந்து, ஒரு அடிக்கு ஒரு கட்டமாகக் கொப்பியில் இறக்கினோம். என்னுடைய படத்தை அவர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்கோ, கதவு கதவிருக்கிற இடத்தில இருக்கு. மூலையில வடக்கு இருக்கு. வடக்கு போடாட்டி அது படமில்லப் பிள்ளையள், வெறும் சித்திரம்." அதற்குப் பிறகு தேசப்படங்களை அலுவலகத்திலிருந்து தூக்கி வருகிற வேலை எனக்கு வந்தது. அந்தச் சுருளில் அடித்த பழைய பசை மணத்தை நான் பெருமையின் மணம் என்றே நினைத்திருந்தேன். சேர் ஒருநாள் உலகப் படத்தில் எங்கள் கரைக்கும் மக்காவுக்கும் நடுவே அடிமட்டத்தை வைத்து, அது நேர் மேற்கு அல்ல, கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கிறது என்றும் காட்டினார். வீட்டில் வந்து சொன்னேன். "உந்தக் கதையெல்லாம் வாப்பாட்டப் போய்க் கதைக்காத" என்று உம்மா என் வாயைப் பொத்தினாள்.

வாப்பா பள்ளிவாசல் மரைக்கார். எங்கள் தாய்வழிக் குடியின் சார்பில் நிர்வாகத்தில் இருந்தவர். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தார். குரலை உயர்த்தாத மனிதர். வழக்குத் தீர்க்க ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர் சொன்னால் சரி என்று எழும்பிப் போவார்கள். அப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த வருடம் ராத்தாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கல்முனைக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர், ஊர் கண்டிப் பக்கம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெண்பிள்ளைகள் பிறந்தால் தகப்பன் வளவைப் பார்த்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவான். எங்கள் வளவு பெரிய றோட்டிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போகிற, ஏறக்குறையச் சதுரமான நிலம். றோட்டோரப் பாதியில் நாங்கள் இருந்த பழைய வீடு. அது எனக்கு. கடல் பக்கத்துப் பாதியில் வாப்பா புதிதாகக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். அது ராத்தாவுக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வளவின் படம் ஒன்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் மாமா நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவராம். வாப்பா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் படம் கீறத் தெரிந்த ஆள் நான்தானே! பெரிய கலண்டர்த் தாளொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததே, அதையும் சீவி வைத்துக்கொண்டேன். வளவை அடியால் அளந்தேன். குந்திக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கீறினேன். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"இதென்ன மகள், கிப்லா பக்கவாட்டில கிடக்கு?"

"மேல வடக்கு வரணும் வாப்பா. சேர் அப்பிடித்தான் சொன்னவர்."

"நாம எந்தப் பக்கம் பாத்து நிக்கிற? அதுதான் நமக்கு முன்னுக்கு. கிப்லாவ மேல வெச்சுக் கீறு."

நான் இன்னொரு தாள் எடுத்துத் திரும்பக் கீறினேன். வயல் பக்கம் மேலே, கடல் பக்கம் கீழே. உண்மையைச் சொன்னால், அப்படிக் கீறும்போது கை இலேசாக ஓடியது. எங்கள் வளவு என் மனதுக்குள்ளும் அப்படித்தான் கிடந்தது. றோட்டைக் கீறப் போனேன். வளவு பெரிய றோட்டுக்கு முகம் பார்த்தது என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தான் முன்பே சொல்லிவிட்டதாகவும், வேலிக்கு உள்ளே இருப்பதை மட்டும் கீறினால் போதும் என்றும் வாப்பா சொன்னார். கீழ்ப் பாதியைச் சிவப்பால் தீட்டினேன், ராத்தாவின் பங்கு. மேல் பாதியை நீலத்தால் தீட்டினேன். கடைசியாக, மூலையில் திசை அடையாளத்தை நாலு பக்கமும் கோடிழுத்து, வலது கைப் பக்கமாக வடக்கைக் காட்டி எழுதினேன். அதுதான் என் கையெழுத்து மாதிரி எனக்கு.

"இது என்ன, சிலுவை மாதிரி?"

"திசை காட்டுற அடையாளம் வாப்பா. இது இல்லாட்டிப் படம் சரிவராது."

"கலியாணக் காரியத்துக்குப் போற கடதாசி மகள். அங்க வயசான ஆக்களும் பாப்பாங்க. என்னத்துக்கு வீண் கதை? அழிச்சிரு."

"சேர் ஏசுவார்."

"சேருக்கா கலியாணம்?" என்றார் வாப்பா. உம்மா சிரித்தாள், ராத்தாவும் சிரித்தாள். நான் அழித்தேன். கலண்டர்த் தாள் வழுவழுப்பானது, பென்சில் முழுதாகப் போகவில்லை. மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு நின்றது.

நாள் குறிக்க அவர்கள் வந்த அன்று வீடு முழுக்க நெய் மணம். சர்பத் கிளாசுகள் வியர்த்துக்கொண்டு தட்டில் நின்றன. ராத்தா உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள். நான் இன்னும் திரைக்குப் பின்னால் போகாத வயது, அதனால் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். மாப்பிள்ளையின் மாமா மூக்குக்கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். உள்ளே வந்து உட்காராமல், றோட்டுப் பக்க வேலி வாசலில், கடப்படியிலேயே நின்று என் படத்தை விரித்தார். என் படத்தை ஒரு கந்தோர்க்காரர் விரித்துப் பார்க்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம்.

அவர் படத்தையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு றோட்டோரத்தில் அக்கரைப்பற்றுப் பக்க மூலையைக் காட்டி, "இந்த எடத்தில மாப்பிள்ளைக்கு ஒரு கடை அறை போட்டுக் குடுக்கலாம் மரைக்கார். நல்ல எடம்" என்றார்.

வாப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சின்னவட பங்கு. மூத்தவட பங்கு பின்னுக்கு, கடல் பக்கம். வாங்க, வீட்டைப் பாப்பம்."

"பின்னுக்கா?" அந்த மனிதர் நகரவில்லை. 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிற கண்டிப் பக்கத்துப் பேச்சு அவருடையது. "படத்தில அப்பிடி இல்லியே. மேல வடக்கு. செவப்பு, தெக்குப் பாதி. றோட்டில ஈந்து கடல் பக்கம் வரைக்கும் போற பாதி. றோட்டு மொகப்பு அதுக்கும் ஈக்கி."

படம் வரைகிற மனிதருக்கு எந்தப் படத்திலும் மேலே இருப்பது வடக்கு. வாப்பாவுக்கு மேலே இருப்பது கிப்லா. இருவரும் ஒரே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலால் மூலையைத் தடவினார். "இங்க என்னமோ எழுதி அழிச்சும் ஈக்கி" என்றார். கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். றோட்டு முகப்பைக் காட்டிச் சம்பந்தம் பேசிவிட்டு, வந்ததும் பின் பாதியைத் தள்ளிவிடப் பார்க்கிறார் மரைக்கார் என்று அவர்கள் நினைத்தது எனக்கே விளங்கியது. வாப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. உள்ளே திரைச்சீலை அசையவில்லை. அந்தச் சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தால், பேசி முறிந்த பெண் என்ற பெயரோடு ராத்தா எத்தனை காலம் அந்த அறைக்குள் இருக்கவேண்டி வரும் என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

வாப்பா சால்வையால் கழுத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"சின்னப் புள்ள கீறினது. அதுக்கு வடக்கு தெக்குத் தெரியா. நானும் பாக்காம அனுப்பிட்டன்."

மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது. முழுதாக அல்ல. "எங்க அந்தப் புள்ள?" என்றார். என்னை முன்னால் தள்ளிவிட்டது யாருடைய கை என்று இன்றைக்கும் தெரியாது. அவர் குனிந்து, அன்பாகத்தான் கேட்டார். "மகள், வடக்கு எந்தப் பக்கம்? காட்டுங்க பாப்பம்."

வடக்கு மட்டக்களப்புப் பக்கம். கண்ணைக் கட்டி விட்டாலும் அன்றைக்கு நான் காட்டியிருப்பேன். கையும் அந்தப் பக்கம் எழும்பப் பார்த்தது. நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெருவிரல் மணலில் சின்னக் குழி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. வழக்குத் தீர்க்கிற என் வாப்பா, ஒரு பிள்ளையின் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நான் கையை நீட்டிக் கடலைக் காட்டினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமா வாய்விட்டுச் சிரித்தார். "கடல் பக்கமா வடக்கு? சரிதான், சரிதான்" என்று என் தலையைத் தடவினார். "புள்ளைட பிழைக்கு நாம என்ன செய்ற? வாங்க மரைக்கார், வீட்டைக் காட்டுங்க" என்றார். ஆட்கள் உள்ளே போனார்கள், கூடி உண்ணுகிற சஹன் தட்டுகள் வந்தன, நாளும் குறித்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. ராத்தாவின் சிரிப்புத்தான். பயம் விட்டுப்போன சிரிப்பு. நான் கிணற்றடிக்குப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தேடி வரவில்லை. அன்று நான் சாப்பிட்டேனா என்பதும் ஞாபகமில்லை.

ஊர் சின்னது. கதை பள்ளிக்கூடத்துக்கு வர நாளாகவில்லை. கண்டியிலிருந்து வந்த கந்தோர்க்காரர், இந்த ஊரில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டாராம் என்று யாரோ ஒட்டிவைத்தும் விட்டார்கள். சேர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, திசைகாட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"வடக்கு எது பிள்ள?"

சரியாகக் காட்டினால் வாப்பா பொய்யர். பிழையாகக் காட்டினால் சேர் ஒன்றும் படிப்பிக்காதவர். ஊசி நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நின்றது. நான் காலைப் பார்த்தேன்.

"நான் படிப்பிச்ச விதந்தான் பிழை போல" என்றார் அவர். மூடியை மூடினார். மறுநாள் தேசப்படத்தைத் தூக்கிவர வேறொரு பிள்ளையை அனுப்பினார். வருட முடிவில் மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு வந்த சண்டைக் காலத்தில், எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் நடுவே பஸ் ஓடாத நாட்களும் இருந்தன. அவரை நான் பிறகு காணவே இல்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. நானும் பின்னால் ஆசிரியையானேன். சின்ன வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் படிப்பித்தேன். தேசப்படம் மாட்டுகிற பாடத்தை மட்டும் தரவேண்டாம் என்று அதிபரிடம் கேட்டுக்கொள்வேன்.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. வாப்பா அன்றைக்கு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "கிப்லாவ மேல வெச்சுக் கீறச் சொன்னது நான்தான்" என்று ஒரு வார்த்தை. அவர்களும் நாளைக்கு ஐந்து நேரம் அதே பக்கம் பார்த்து நிற்கிறவர்கள்தானே! சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்திருப்பார்கள். ஆனால் கந்தோர்க்காரருக்கு முன்னால் தனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று மரைக்கார் எப்படிச் சொல்வார்? அந்தச் சின்ன வெட்கத்தை அவர் என் கையில் தந்தார். என் கையில் அது பெரிதாகிவிட்டது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. ராத்தா அந்தக் கல்வீட்டில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கதையைச் சொன்னாள். அந்த வீட்டைக் கடல் எடுத்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. வீடு போனபிறகும் கதை மட்டும் போகவில்லை.

வாப்பா கடைசியில் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நல்ல வயது. எழும்ப முடியாது, படுத்தபடிதான் தொழுகை. நான் ஊரிலிருந்து போனபோது ராத்தா கட்டிலோரத்தில் இருந்தாள். வாப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். "கடல் எங்கால எண்டு நேர்ஸ் பிள்ளைட்டக் கேட்டார். ஜன்னல் பக்கம் எண்டாள். மறுகா இந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். வந்த நாளில இருந்து இப்பிடித்தான் தொழுறார்" என்றாள் ராத்தா.

எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் கிழக்கே இருந்த கடலுக்கு வாழ்நாள் முழுக்க முதுகு காட்டித் தொழுதவர், அங்கேயும் கடல் எது என்று கேட்டு அதற்கு முதுகைக் காட்டிவிட்டார். கொழும்பில் கடல் இருப்பது மேற்கே என்பது அவருக்கு நினைவு வரவில்லை. ராத்தாவுக்கும் வரவில்லை. அத்தனை நாள் தொழுகையையும் பிழையான பக்கம் பார்த்துத் தொழுதேன் என்று அறிந்தால் அந்த மனிதர் எப்படிக் கூசிப்போவார்! அன்று கடப்படியில் அவரைப் பார்க்க வந்த அதே வெட்கம் எனக்கு வந்தது.

வாப்பா கண்ணைத் திறந்தார். என் முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும்.

"பக்கம் பிழையா மகள்? கிப்லா எங்கால?"

ராத்தா சிரித்தாள். "நல்ல ஆளுட்டக் கேக்கிறீங்க வாப்பா. கடலை வடக்கெண்டு காட்டினவள் இவள்."

வாப்பா சிரிக்கவில்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றார். "அண்டைக்கும் தெரியும். நான்தான் கிப்லாவ மேல போடச் சொன்னன். நான்தான் வடக்க அழிக்கச் சொன்னன்."

ராத்தாவின் கை கட்டில் கம்பியில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். தான் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்கியது. இந்த வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். அது வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லாமல் இருந்தோம்.

"சொல்லு மகள்" என்றார் வாப்பா.

நான் கையை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே, அன்று போலவே, கடல் பக்கம்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ராத்தாதான் எழும்பி வந்து அவரைத் திருப்பிவிட்டாள்.